நான்கு வீட்டுக்கு ஒரு கம்பானியன்

பெருமாள்மலையிலிருந்து பேத்துப்பாறைக்குச் செல்லும் சாலையை விட்டு எங்கள் தோட்டத்துக்குள் பிரிகின்ற மண்பாதை, படுத்திருக்கும் யானையின் முதுகு போன்ற ஒரு பாறையை அணைத்துக்கொண்டு, வளைந்த இடத்திலேயே செங்குத்தாக மேலேறத் தொடங்குகிறது. எங்களைக் காண வந்த உறவினரும் நண்பரும் கொண்டுவந்த புதுக் கார்களில் ஒன்றேனும் அந்த வளைவை ஒரே தடவையில் திரும்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு முறை பின்வாங்கி, யாராவது சக்கரத்துக்குக் கல் வைத்து, மறுபடியும் முன்னேறித்தான் அவை மேலே வந்து சேர்ந்தன. ஐம்பது வயதைக் கடந்துவிட்ட எங்கள் ஸ்டாண்டர்டு கம்பானியனோ, பின்னால் எட்டு வாழைத்தாரும் இரண்டு மூட்டைப் பட்டர் ஃபுரூட்டும் ஏற்றியிருக்கும் நிலையிலும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்த மாத்திரத்தில், செக்கைச் சுற்றும் மாட்டைப் போல நின்ற இடத்தையே மையமாகக் கொண்டு சுற்றி ஏறிவிடுகிறது. இந்த ஒரு குணத்தைக் கண்டே ஒரு வாகனத்தை மெச்சிவிடலாகாது. ஆதலால், நான்கு குடும்பங்கள் கூடிப் பிரித்துப் பூட்டி, பத்து வருஷங்களாக மலையிலும் சமவெளியிலும் ஓட்டிப் பழகிய அந்த வண்டியின் நிறைகுறைகளை, புது வண்டியைப் பரீட்சை செய்வோர் எழுதும் அதே பொறுப்புடன் இங்கே எழுத முற்படுகிறேன்.

ஸ்டேஷன் வாகன் என்னும் இனம் நம் நாட்டில் என்றுமே பெரிய செல்வாக்குப் பெற்றதில்லை. அம்பாஸடரில் ஓர் எஸ்டேட் வந்தது. பிரீமியர் கம்பெனியார் தங்கள் பியட் வண்டியைக் கூரை நீட்டி ஸபாரி என்ற பெயரில் விற்றார்கள். 1992 இல் டாடா எஸ்டேட் வந்தது. எதுவும் நிலைத்து நிற்கவில்லை. கார் என்றால் டிக்கி தனியே பின்னால் நீண்டிருக்க வேண்டும் என்பதும், மனிதரும் சரக்கும் ஒரே கூரையின்கீழ்ப் போவது வேனுக்குரிய லட்சணம் என்பதும் வாங்குவோர் மனத்தில் ஊறிப்போன அபிப்பிராயங்கள். ஆனால் மலைத்தோட்டக்காரனுக்கு அந்த லட்சணமே வேண்டியிருந்தது. காலையில் பழத்தை ஏற்றிச் சந்தைக்குப் போய்விட்டு, மாலையில் அதே வண்டியின் பின்ஸீட்டை நிமிர்த்திக் குடும்பத்தோடு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியவனுக்கு, ஜீப் முரட்டு வாகனம்; சாதாரணக் காரில் இடம் போதாது. எங்கள் பெரியப்பா 1970 இல் இதை வாங்கியதற்கு வேறு காரணம் இல்லை. பேத்துப்பாறை அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985 இல்தான்.

வண்டி பிறந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில், பிற்காலத்தில் நாங்கள் அடைந்த சௌகரியங்கள் அனைத்துக்கும், சில கஷ்டங்களுக்கும், அந்தக் கதையே மூலம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனியார் 1950களின் பிற்பகுதியில் ஒரு புதுச் சிறு காருக்குத் திட்டமிட்டபோது, கார் உடல்களைச் செய்து கொடுத்துவந்த பெரிய தொழிற்சாலையாகிய ஃபிஷர் அண்டு லட்லோ, 1953 இலேயே போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டிருந்தது. சேஸிஸ் என்று தனியாக ஒன்று இல்லாமல் உடலையே ஒரு பெட்டிபோல் பற்றவைத்து நிறுத்துவதுதான் அன்று புதிதாகப் பரவி வந்த முறை. அவ்விதமான முழு உடலைச் செய்துதர அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் பழைய வழிக்கே திரும்பினார்கள். கனத்த இரும்பு சேஸிஸ் ஒன்றைத் தனியே செய்து, உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு சிறு தொழிற்சாலைகளில் அத்துண்டுகளைச் செய்வித்து, போல்ட்டுகளால் ஒன்றுசேர்த்தார்கள். டூரின் நகரத்துச் சிற்பியாகிய ஜியோவானி மிக்கெலோட்டி அதற்கு உருவம் கொடுத்தார். 1959 இல் ஹெரால்டு என்ற பெயருடன் அது வெளிவந்தது. வேறு நாடுகளுக்குப் பெட்டிகளில் அடைத்து அனுப்பி அங்கே பூட்டிக்கொள்ளவும் இந்த அமைப்பு வெகு அனுகூலமாக இருந்தது.

சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வேன்கார்டிலும் சிறிய ஸ்டாண்டர்டு வண்டிகளிலும் பழகிய கையோடு, 1961 இல் ஹெரால்டை எடுத்துக்கொண்டது. வரவர உதிரிப்பாகங்களை இங்கேயே செய்யத் தொடங்கிய அக்கம்பெனியார், அறுபதுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இல்லவே இல்லாத இரண்டு உருவங்களை நம்மவருக்கென்று உண்டாக்கினார்கள். இரண்டு கதவு ஹெரால்டை நான்கு கதவாக்கியது ஒன்று. பக்கத்துக்கு இரண்டும் பின்னால் ஒன்றுமாக ஐந்து கதவுள்ள ஸ்டேஷன் வாகனாகிய கம்பானியன் மற்றொன்று. தாயும் பாட்டியும் முன்ஸீட்டை மடக்கி, குனிந்து நுழைந்து பின்னால் உட்காருவது நம் குடும்ப வழக்கத்துக்குப் பொருந்தாது என்பதைக் கண்டுகொண்டு, தமிழ்நாட்டுத் தொழிலாளிகளின் கையால் செய்யப்பட்ட அந்தக் கதவுகளை நான் இன்றும் மரியாதையுடன்தான் திறக்கிறேன். அந்த நிறுவனம் 1985 இல் ரோவர் வண்டியின் உடலில் பழைய பரம்பரை எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து, அது ஓடாமற்போக, 1988 இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. அத்துடன் எங்களுக்கு உதிரிப்பாகம் தரும் கடையும் அடைபட்டது என்று சொல்ல வேண்டும்.

பெரியப்பா காலமான பின்பு வண்டி காப்பி உலர்த்தும் களத்தின் ஓரத்துக் கொட்டகையில் ஒன்பது வருஷம் நின்றது. ஸீட்டுகளுக்குள் எலி குடியேறியது. மழைக்காலத்தில் மூடுபனி தினந்தோறும் உள்ளே வந்து போயிற்று. விற்பதா வைத்திருப்பதா என்ற பேச்சு எழுந்தபோது, பேத்துப்பாறையில் இருக்கும் அண்ணன் குடும்பமும், மதுரையில் நாங்களும், கோயம்புத்தூரில் சித்தப்பா மக்களும், திண்டுக்கல்லில் அத்தை வீட்டாரும் ஒரு சித்திரை விடுமுறையில் கொட்டகையில் கூடினோம். பதிவுப் புத்தகத்தில் ஒருவர் பெயர்தான் இருக்க முடியும். அது அண்ணன் பெயரில் இருக்கட்டும் என்றும், மற்ற மூன்று வீட்டுக்கும் உள்ள பாத்தியதையைத் தனியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி நால்வரும் கையெழுத்திடுவது என்றும் முடிவாயிற்று. அத்தை மாத்திரம் ஒரு நிபந்தனை சொன்னாள்: "பணம் அனுப்பிட்டு ஒதுங்கிக்கிறவங்களுக்கு இதுல பங்கு கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கையில கிரீஸ் படணும்." அந்த நிபந்தனை நோட்டின் முதற்பக்கத்தில் அவள் வாக்காகவே இருக்கிறது.

கையில் கிரீஸ் படுவது எல்லோருக்கும் சாத்தியமாயிற்று என்பதே இந்த வண்டியைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். பானெட் என்று நாம் சொல்லும் மூடி இதில் வெறும் மூடி அன்று. இரண்டு முன் மட்கார்டுகளும் விளக்குகளும் உள்பட வண்டியின் முகம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்கிறது. முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, எஞ்சினின் எந்தப் பக்கத்தையும், ஸ்டியரிங்கையும், முன் ஸஸ்பென்ஷனையும் தொடலாம். இரண்டு பேர் இந்தப் பக்கமும் இரண்டு பேர் அந்தப் பக்கமுமாக, ஒருவர் தோள் ஒருவர்மேல் இடிக்காமல், நால்வர் ஏககாலத்தில் வேலை செய்யலாம். இன்றைய கார்களில் ஒரு மெக்கானிக்கின் கை நுழைவதே பிரயாசை. அவற்றை ஒரு குடும்பம் கூடிநின்று பேண வேண்டுமென்று ஆசைப்பட்டாலும் நிற்க இடம் இல்லை. உடலும் அப்படியே. எந்தப் போல்ட் எந்தத் துண்டைப் பிடிக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால், தச்சுவேலை தெரியாதவனும் ஒரு கட்டிலைப் பிரித்து அடுக்குவதுபோல் இதைப் பிரித்து அடுக்கலாம். பேத்துப்பாறையைச் சுற்றியுள்ள சரிவுகளில் பழங்காலத்துக் கற்திட்டைகள் இருக்கின்றன; சாந்து ஏதுமின்றிப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிவைத்த கட்டடங்கள். சேஸிஸிலிருந்து உடலைத் தூக்கி வைத்த அன்று, பிரிந்து கிடந்த பாகங்களைக் கண்டபோது எனக்கு அவை நினைவுக்கு வந்தன.

பிரித்த பிறகுதான் துருவின் சேதம் தெரிந்தது. மேலே பெயிண்ட் மினுங்கிக்கொண்டிருக்க, அடியில், சேஸிஸிலிருந்து இருபுறமும் கைகளைப் போல நீண்டு உடலைத் தாங்கும் குறுக்குக் கரங்களில் ஆறு இற்றுப்போயிருந்தன. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகளை ஸ்குரூ டிரைவரால் குத்தினால் அது உள்ளே போயிற்று. மலைவாசத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதே. மழை நீர் வடிந்துபோகும். மூடுபனி வடிவதில்லை, பெட்டித் தகட்டின் உட்சுவரில் வியர்வைபோல் தங்கிவிடும். கம்பானியன் ஒன்றை வாங்க நினைக்கும் எவரும் பெயிண்டைப் பார்க்க வேண்டாம். தார்ப்பாய் விரித்துப் படுத்து அடியைப் பார்க்கட்டும். வத்தலக்குண்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் புதுக் கரங்கள் செய்து பற்றவைத்தோம். உட்புறம் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சி, தண்ணீர் வடியும் துவாரங்களைப் பழையபடி திறந்து விட்டோம். துவாரங்களை அடைத்துவிட்டால் தூசி வராது என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அந்த யோசனையைக் கேட்கவே கூடாது.

இனி நாங்கள் பட்ட ஒரு விபத்தைச் சொல்கிறேன். முன்சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு செங்குத்தான எஃகுத் தண்டு ஏந்துகிறது. அதன் கீழ்முனையில் திருகு மரை வெட்டப்பட்டு, டிரனியன் எனப்படும் ஒரு வெண்கலக் கட்டைக்குள் அது முறுக்கி இறங்குகிறது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரை கட்டைக்குள் சுற்றுகிறது. அங்கே கிரீஸ் வைக்கக் கூடாது. கியர்பெட்டிக்கு ஊற்றும் 90 நம்பர் கனத்த எண்ணெய்தான் வேண்டும். ஆனால் எண்ணெயைச் செலுத்துகிற வாய் மற்ற இடங்களில் உள்ள கிரீஸ் நிப்பிளைப் போலவே இருப்பதால், நிப்பிள் உள்ள இடமெல்லாம் கிரீஸ் என்பது பட்டறைகளில் சம்பிரதாயமாகிவிட்டது. நாங்கள் வண்டியை மீட்ட முதல் வருஷம், சமவெளியில் ஒரு பட்டறையில் சர்வீஸுக்கு விட்டோம். நல்லெண்ணத்துடனேயே அவர்கள் அங்கும் கிரீஸ் ஏற்றினார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே காய்ந்துபோக, மழைநீர் உள்ளே தங்கி, எஃகை அரித்துவிட்டது. ஆறு மாதம் கழித்து, நான் மேலே சொன்ன அதே பாறை வளைவில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நடைவேகத்தில் திரும்பும்போது, தண்டு மரையோடு முறிந்து, இடதுபக்கச் சக்கரம் வெளிப்புறமாகச் சாய்ந்து மட்கார்டுக்குள் மடங்கிற்று. வண்டியில் அண்ணனும் அவர் மகளும் இருந்தார்கள்; இருவருக்கும் காயம் ஏதும் இல்லை. அதே முறிவு டம்டம் பாறைக்குக் கீழே இறக்கத்தில் நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அன்று இரவு நாங்கள் நால்வரும் தொலைபேசியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பின் அந்த வேலையைப் பட்டறைக்குக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தோம். கிரீஸ் துப்பாக்கி ஒன்றைத் தனியே வாங்கி, அதில் எண்ணெய் மாத்திரம் நிரப்பி, சிவப்புத் துணி கட்டி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை முடிந்தவுடன் ஒரு முறையும் எண்ணெய் செலுத்தி நோட்டில் தேதி எழுத வேண்டும். புது டிரனியன்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஹெரால்டின் சேஸிஸையும் ஸஸ்பென்ஷனையும் அடிப்படையாகக் கொண்டே டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரும் பிறந்து 1980 வரை உற்பத்தியாயிற்று. அதனால் பர்மிங்ஹாமில் வேலை பார்க்கும் அத்தையின் பேத்தி அங்குள்ள கடைகளில் கேட்டால், அறுபது வருஷத்துக்கு முந்திய வண்டிக்கும் புஷ், பேரிங், பிரேக் சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. கிடைக்காதவை எவை என்றால், வண்டலூரிலேயே செய்யப்பட்டவை. பின்பக்கத்து இரண்டு கதவுகளின் கண்ணாடி ரப்பர், கீல், கைப்பிடி ஆகியவை ஆங்கிலேயர் எவரிடமும் இல்லை. அவர்கள் நாட்டில் அந்தக் கதவே இல்லையே. சென்னைப் புதுப்பேட்டையில் பல நாள் அலைந்து ஒரு கைப்பிடி கண்டெடுத்தோம். மற்றவற்றுக்கு, சித்தப்பாவின் மூத்த மகன் கோயம்புத்தூரில் அச்சு எடுத்து வார்த்துக்கொண்டு வருகிறான்.

ஓட்டத்தைப் பற்றி. 948 சிசி எஞ்சின், முப்பத்தைந்து குதிரைச் சக்தியை ஒட்டியது. காமக்காபட்டியில் ஏறத் தொடங்கும்போது அது சந்தோஷமாகவே இழுக்கிறது. கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைக் காட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் உறிஞ்சும் காற்று குறையக் குறையச் சக்தியும் அந்த விகிதத்தில் குறையும். கார்பரேட்டரோ அதை அறியாமல் பெட்ரோலைப் பழைய அளவிலேயே சுரக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி படிந்திருக்கும். ஊத்து தாண்டியபின் இரண்டாம் கியரைவிட்டு மேலே போவதற்கு இடமே இல்லை. முதல் கியரில் ஸிங்க்ரோ இல்லாததால் அதில் விழுவதானால் கிளட்ச்சை இருமுறை மிதித்து, நடுவே எஞ்சினை உறுமவிட்டு, பல் கடிக்காமல் நுழைக்கும் கைப்பழக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் இருபது வயதுக்காரர்களில் மூவர் அதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதை நான் பெருமையாகவே குறிக்கிறேன். 2,100 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஆகையால், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் ஏற்றத்தில் ஆவி பறக்கும். மூடி சாமானிய விஷயமாகத் தோன்றும். மலைக்காரன் அதை வருஷந்தோறும் மாற்ற வேண்டும்.

பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்து வரத் தொடங்கியதிலிருந்து ஒரு புதுக் கவலை சேர்ந்தது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்ப்பின் உள்தோலையும் எத்தனால் இளக்கிவிடும். ஈரத்தை இழுத்து டாங்கியில் துருவேற்றும். எத்தனாலைத் தாங்கும் ரப்பரை எங்கும் மாற்றி, வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்குமானால் டாங்கியை வடித்துவிடுகிறோம். இதில் ஓர் ஆச்சரியம் உண்டு: எத்தனால் கலந்த பெட்ரோல், எரிவதற்குக் குறைந்த காற்றே கேட்கும். ஆகவே மலைமேல் காற்றுக் குறைவால் உண்டாகும் தப்பைக் கலப்பு ஓரளவு நேர்செய்துவிடுகிறது. மலைமேல் முன்னைவிட இப்போது பிளக் சுத்தமாக இருக்கிறது. வத்தலக்குண்டுச் சமவெளியில் அதே எஞ்சின் சற்றுச் சூடாக ஓடுவது அதற்குக் கொடுக்கும் விலை. காரீயம் நீக்கிய பெட்ரோல் நம் நாடெங்கும் 2000 இல் வந்தபோதே வால்வு இருக்கைகளைக் கடின எஃகில் மாற்றியிருக்க வேண்டும், பெரியப்பா மாற்றவில்லை, எஞ்சினைப் பிரித்தபோது நாங்கள் மாற்றினோம்.

ஏற்றத்தில் தேவைப்படுவது பொறுமை. இறக்கத்திலோ அறிவும் வேண்டும். பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலை அச்சாகக் கொண்டு தனித்தனியே ஊஞ்சல்போல் ஏறி இறங்கும் அமைப்பு இது. குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். வளைவுக்குள் நுழைந்தபின் பயந்து ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று விட்டால், வண்டியின் பின்பகுதி எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உடலுக்குக் கீழே மடங்கிப் பிடியை இழக்கும். மெக்கானிக்குகளுக்கும் வாங்குவோருக்கும் இந்த அமைப்பு பிடிக்காமற்போய், வண்டலூர்க்காரர்களே 1972 இல் கொண்டுவந்த கெஸலில் இதைக் கைவிட்டுச் சாதாரண ஆக்ஸிலுக்கு மாறினார்கள். சரக்கு ஏற்றியிருக்கும்போது ஸ்பிரிங் அழுந்தி, சக்கரம் நேராக நிற்பதால், வண்டி அடங்கி நடக்கிறது. வெறும் வண்டியில் தனியாக வருபவனுக்கே எச்சரிக்கை அதிகம் வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் போட்டு, இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தபடியே திரும்ப வேண்டும். நான்கிலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்துவந்தால் லைனர் கருகும் வாசனை வரும், பெடல் இறங்கும். அந்த வாசனை வந்தபின் நிறுத்துவது தாமதம். வாசனை வருவதற்கு முன்பே, நடுவழியில் ஓர் இடத்தில் கால் மணி நேரம் நின்றுவிடுவது எங்கள் வழக்கம்.

சுற்றும் வட்டத்தின் குறுக்களவு 25 அடி, அதாவது ஏழரை மீட்டருக்குச் சற்று அதிகம். லண்டன் வாடகைக் கார்களுக்குச் சட்டம் விதித்திருந்த அளவும் இதுவே. இன்றைய சிறு கார்களில் பலவற்றுக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேண்டும். பேத்துப்பாறை யானை நடமாட்டம் உள்ள ஊர் ஆதலால் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டியை எடுப்பதில்லை என்பது நோட்டில் உள்ள விதி. ஆயினும் ஒரு கார்த்திகை மாதத்தில், நேரம் தப்பி வந்தபோது, சாலையில் ஒரு தாயும் குட்டியும் நிற்கக் கண்டு, ஹாரன் அடிக்காமல், பின்வாங்காமல், ஒரே வட்டமாகத் திரும்பி வந்த வழியே அண்ணன் போய்விட்டார். அன்று இரவைப் பெருமாள்மலையில் கழித்தார்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதில்தான் நான்கு வீட்டுக்கும் வாதம் மிகுதி. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைப்பதை நான் முதலில் எதிர்த்தேன். மூடுபனியில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது விளக்கு மங்கி, எதிரே வரும் பஸ்ஸுக்கு நாங்கள் இருப்பதே தெரியாமற்போவதை ஒரு மாலை நேரில் கண்டபின் ஒப்புக்கொண்டேன். ஸீட் பெல்ட்டுகளும் போட்டாயிற்று. ஜப்பானிய எஞ்சின் ஒன்றை வைத்துவிடலாம் என்று சித்தப்பாவின் இளைய மகன் சொன்ன யோசனையை மற்ற மூன்று வீடும் நிராகரித்தன. மத்திய அரசாங்கம் 2021 இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, அடிப்படை மாற்றம் செய்யப்படாத வண்டியை 20,000 ரூபாய் கட்டணத்தில் விண்டேஜ் வாகனமாகப் பதிந்து, வி.ஏ. என்ற எழுத்துள்ள தனி எண் பெறலாம். அந்தக் கௌரவம் எங்களுக்கும் உரியதே. ஆனால் அவ்விதம் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், பெட்ரோல் நிரப்பவும், பழுது பார்க்கவுமே எடுக்கலாம். பழம் ஏற்றாத கம்பானியனை எங்களில் எவராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு வருகிறோம். ஆய்வுக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் அங்கே கூடுகிறவர்கள் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள்.

குறைகளைப் பின்னும் சொல்வதானால்: நான்கு கதவு வைப்பதற்கென்று வீல்பேஸை நீட்டாததால் பின்ஸீட்டில் கால் நீட்ட இடம் இல்லை, நெடிதுயர்ந்தவர் முழங்கால் முகவாயை நோக்கி வரும். பின்கதவின் வழியே புழுதி உள்ளே இழுக்கப்படுகிறது. புது ரப்பர் வந்தும் முழுவதும் நிற்கவில்லை. மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் எஞ்சின் சத்தம் பேச்சை அமுக்கிவிடும். நான்கு வழிச்சாலையில் லாரிகளுக்கிடையே இதை ஓட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மதுரைக்கு வரும்போது நாங்கள் பழைய ஊர்ச் சாலைகளிலேயே வருகிறோம். தனி மனிதர் ஒருவர் இதை வாங்கிப் பேண நினைத்தால், ஓட்டும் நேரத்துக்குச் சமமான நேரம் அடியில் படுத்திருக்க வேண்டும். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து, அவற்றில் ஒன்றாவது நனையாத கொட்டகை உடையதாயிருந்து, கணக்கை ஒளிவின்றி எழுதும் ஒருவரும் அவர்களில் இருப்பாரானால், நான் தயக்கமின்றி வாங்கச் சொல்வேன்.

இந்தச் சித்திரையில் இடதுபக்கப் பின்கதவைப் பிரித்தோம். கதவின் அடித்தகட்டை முந்தி எவரோ பட்டி வைத்துப் பூசி மறைத்திருந்தார்கள். சுரண்டியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை தெரிந்தது. தகடு வெட்ட அளவெடுத்துக்கொண்டிருக்கையில், முன்புறத்தில் அண்ணன் மகள் சிவப்புத் துணி கட்டிய துப்பாக்கியை வலதுபக்க டிரனியனில் பொருத்தி அழுத்திக்கொண்டிருந்தாள். அன்று சக்கரம் மடங்கியபோது வண்டிக்குள் இருந்தவள் அவள்தான்.

"சித்தப்பா, எண்ணெய் மேல வழியுதே, போதுமா?"

"என்ன நிறத்துல வருதும்மா?"

"கறுப்பா."

"இன்னும் அழுத்து. புது எண்ணெய் வர்ற வரைக்கும்."

அவள் மறுபடியும் அழுத்தினாள். பிறகு விரலில் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைக் கழற்றிக்கொண்டு இடதுபக்கத்துக்குப் போனாள்.